இடது கைக்கு வேலையில்லாத வண்டி

மூன்றாவது பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஆறுக்குட்டியின் சட்டைப்பையில் இருந்த போன் அதிர்ந்தது. ஒரு கணம் அப்பாவின் நெஞ்சுதான் அசைகிறது என்று நினைத்துவிட்டாள் ராஜப்ரியா. எதிரில் வெந்நீரில் துண்டைப் பிழிந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆண்டாயிக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். துண்டு கையிலிருந்து நழுவிச் சட்டியில் விழுந்தது.

போன் நின்றது. மறுபடியும் அதிர்ந்தது.

"எடு கண்ணு," என்றாள் அம்மா மருதாம்பாள், சுவரைப் பார்த்தபடி. "போன் எடுக்காம உட்டா அவுங்களுக்குப் புடிக்காது."

ராஜப்ரியா இரண்டு விரலால் போனை வெளியே எடுத்தாள். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"குட் மார்னிங் சார், கோயமுத்தூர் ஷோரூம்ல இருந்து லோயிஸ் பேசறேன். காலையில மாத்தச் சொன்னீங்கல்ல சார், ஆட்டோமேட்டிக் வேண்டாம், மேனுவலே போட்டுருங்கன்னு. சிஸ்டத்துல ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டுக்கலாம்னு கூப்பிட்டேன். டீசல், ஃபோர் வீல் டிரைவ், மேனுவல் கியர். சரிதானுங்களா சார்?"

"எப்பச் சொன்னாரு?" என்றாள்.

"மேடமா? சார் எட்டரைக்குக் கூப்பிட்டாருங்க மேடம். சார் இருக்காருங்களா?"

பாயின் மேல் பாதி திறந்த சட்டையோடு கிடந்தவரைப் பார்த்தாள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

"இருக்காரு," என்றாள். "அப்புறமாக் கூப்பிடுங்க."

எட்டரைக்கு அவர் ஜீப்பில் இருந்தார். செல்ஃப் எடுக்கும் சத்தம் சமையலறைவரை கேட்டது. அதன் பிறகு வண்டி நகரும் சத்தத்துக்காக அம்மாவும் மகளும் தங்களை அறியாமலே காத்திருப்பார்கள். முதல் கியர் விழும்போது ஒரு கறகறப்பு, வேலியோரத்து சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு ஹாரன். அன்றைக்கு இரண்டும் வரவில்லை. இஞ்சின் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. "போன் பேசறாங்களாட்ட இருக்குது," என்றாள் அம்மா. இரண்டாவது ஈடு இட்லியும் எடுத்த பிறகுதான் ராஜப்ரியா கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அதுதான் இப்போதும் நம்ப முடியாமல் இருந்தது. சரியவில்லை, சாயவில்லை. கம்பளிக் குல்லா, பழுப்பு ஸ்வெட்டர், ஸ்டியரிங்கின் மேல் வலது கை. கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்து முடித்த வைப்பர், துடைக்க ஒன்றுமில்லாமல் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. "ஏம்ப்பா, கெளம்பலியா?" என்று இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்பதற்குள் கதவைத் திறந்திருந்தாள்.

ஆண்டாயியின் மருமகன் தன் காரில் வைத்துக் குன்னூருக்குக் கொண்டுபோனான். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர்கூடக் கொண்டுவரவில்லை. கார்க் கதவுக்குள் தலையை நீட்டிக் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், இளம் வயதுக்காரர், "எடுத்துட்டுப் போயிருங்கம்மா," என்றார். அவ்வளவுதான். வழியில் பேக்கரி வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வர்க்கி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா இரண்டு பேருக்கு நடுவில், பெல்ட் போட்டு, உட்கார்ந்த நிலையிலேயே வீட்டுக்கு வந்தார்.

அவர்கள் திரும்பி வந்தபோதும் ஜீப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அங்கிருந்த யாருக்கும் அதை அணைக்கத் தெரியவில்லை. சாவியைத் திருப்பினால் நிற்காத பழைய டீசல் வண்டி. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் குமிழை வெளியே இழுக்க வேண்டும். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற ராஜப்ரியா, பிறகு போய்க் குமிழை இழுத்தாள். இஞ்சின் ஒருமுறை குலுங்கி அடங்கியது. அந்த அமைதியில்தான் அம்மாவின் முதல் அழுகை கேட்டது.

இப்போது, சட்டையைக் கழற்றி வேறு சட்டை மாட்டும்போது, ராஜப்ரியாவுக்கு அழுகை வரவில்லை. மேனுவல் என்ற சொல்தான் காதுக்குள் இருந்தது. செத்துப்போனவரின் கையைச் சட்டைக்குள் நுழைக்கிறோம் என்ற நினைப்பில்லாமல், கோபத்தில் சற்று வேகமாகவே இழுத்துவிட்டாள்.

"மெதுவாம்மா," என்றாள் ஆண்டாயி.

ராஜப்ரியாவுக்கு இடது கால் சூம்பியிருந்தது. இரண்டு வயதில் வந்த காய்ச்சல். முப்பத்தாறு வயதில் அந்தக் காலோடு அவளுக்குச் சண்டை எதுவும் மிச்சமில்லை. ஒற்றைக் கைத்தடியில் ஜெகதளா மேட்டை ஏறி இறங்குவாள். அவள் நடப்பதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாசலில் ஜீப்பை நிறுத்தும்போது மட்டும் முன்னும் பின்னும் எடுத்து, இடது பக்கக் கதவு சரியாகக் கல்படிக்கு நேராக வரும்வரை விடமாட்டார்.

சுற்றுவட்டாரச் சிறு தோட்டக்காரர்களின் பச்சை இலையை ஏற்றிக்கொண்டுபோய் ஃபேக்டரியில் சேர்ப்பது அவருடைய தொழில். சொந்தமாக இரண்டு ஏக்கர் தேயிலையும் இருந்தது. இலைக்கு விலை விழுந்தது, மறுபடி விழுந்தது, பிறகு எழவே இல்லை. பறிக்கிற கூலிக்குக் கட்டாது என்று பலரும் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். கவாத்து செய்யாத செடிகள் ஆளுயர மரங்களாகிவிட்டன. ராஜப்ரியா கிளார்க்காக இருந்த ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடியது, பிறகு இரண்டு நாள். பிப்ரவரியில் மேனேஜர், "சீசன் வந்ததும் கூப்பிடறோம்மா," என்றார். சீசன் வந்தது. கூப்பிடவில்லை.

அதன் பிறகுதான் புது வண்டிப் பேச்சு வந்தது. கீழ்த் தோட்டத்தை விற்றுவிட்டு ஒரு டீசல் ஃபோர் வீல் எடுக்கலாம். கார் போகாத எஸ்டேட் பாதைகளில் சுற்றுலாக்காரர்களைக் காட்சி முனைகளுக்குக் கூட்டிப் போகலாம். வரும் ஆட்களுக்குக் குறைவில்லை.

"நானும் ஓட்டறேன்ப்பா," என்றாள் ராஜப்ரியா ஒரு நாள் சாப்பிடும்போது. "ஆட்டோமேட்டிக்ல கிளட்ச் இல்ல. வலது கால் மட்டும் போதும். லைசென்ஸ் தர்றாங்க, விசாரிச்சுட்டேன்."

அவர் ரசத்தைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "ஆட்டோமேட்டிக்கு மலைக்கு ஆவாது கண்ணு," என்றார்.

இரண்டு மாதம் அதே பேச்சுதான். குன்னூர் ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சேறாக இருந்தால் கியர் வண்டிதான் ஏறும் என்றான் ஒருவன். அதெல்லாம் அந்தக் காலம், இப்போது ஆட்டோமேட்டிக்தான் வழுக்காமல் ஏறுகிறது என்றான் இன்னொருவன். கெட்டுப்போனால் ஊரில் பார்க்க ஆளில்லை என்றார் வேறொருவர். ஆறுக்குட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து இரவுச் சாப்பாட்டின்போது மகளிடம் ஒப்பிப்பார். அவள் போனில் பார்த்து வைத்த பதிலைச் சொல்வாள். மருதாம்பாள் ஒருநாள், "எனக்கே ரெண்டையும் ஓட்டத் தெரியுமாட்ட இருக்குது," என்றாள்.

மூன்று வாரத்துக்கு முன் கோயமுத்தூர் போனார்கள். ஷோரூமில் அந்த லோயிஸ் என்ற பெண், கழுத்தில் அடையாள அட்டையோடு, சலிக்காமல் பதில் சொன்னாள்.

"எறக்கத்துல வண்டிய யாருங்க புடிக்கறது? நானா, அதுவா?"

"ரெண்டு பேரும்தான் சார்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. "எடது கைக்கு என்ன வேலைங்க இதுல?"

"வேலையே இல்ல சார். மடியில வெச்சுக்கலாம்."

அவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பெருவிரலுக்குக் கீழே கியர் கம்பி பட்டுப் பட்டுக் காய்த்திருந்தது. பிறகு பின்சீட்டில் ஏறிக்கொண்டு, "நீ எடு பார்க்கலாம்," என்றார் ராஜப்ரியாவிடம்.

அவள் ஓட்டினாள். ஷோரூமுக்குப் பின்னால் புதிதாகப் போட்டிருந்த ஆளில்லாத ரோட்டில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெரிய பொருள் அவள் காலுக்குக் கீழ்ப்படிந்தது. அப்பா பின்னாலிருந்து, "பிரேக்க கொஞ்சம் முன்னாடியே மிதிக்கோணும்," என்றார். இறங்கி லோயிஸிடம் போனார். "ஆட்டோமேட்டிக்கே போட்டுருங்க. எம்புள்ள ஓட்டோணும்."

அவளிடம் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொன்னார். அதனாலேயே அவள் அதை நம்பினாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?" என்றாள் இப்போது, ஆண்டாயி தண்ணீர் கொட்டப் பின்பக்கம் போன நேரம் பார்த்து.

மருதாம்பாள் பாயின் ஓரத்தை நீவிவிட்டாள். "ஞாயித்துக்கெழமையே சொன்னாங்க, மாத்தப் போறேன்னு," என்றாள். "உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் ரெண்டு நாளா யோசன. காலையிலகூட, வண்டில உக்காந்து போன் போட்டுட்டு, வந்து சொல்லிக்கறேன்னாங்க."

வந்து சொல்லவில்லை. ராஜப்ரியா அப்பாவின் வேட்டி ஓரத்தைச் சரிசெய்தாள். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த நூல் இறுக்கமாகத் தெரிந்தது, கொஞ்சம் தளர்த்தினாள்.

பதினொன்றரைக்கு மழை பிடித்துக்கொண்டது. பந்தல் போட வந்தவர்கள் தார்ப்பாயை மட்டும் இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு மணிக்குச் சில்வஸ்டர் வந்தார். குன்னூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். இந்த ஜீப்பின் ஒவ்வொரு திருகும் அவர் கைபட்டது. கிரீஸ் போக மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு வந்த வாசம் அவரோடு வந்தது. ஆறுக்குட்டியின் தலைமாட்டில் நின்றார். சிலுவை போட்டுக்கொள்ளத் தூக்கிய கையைப் பாதியில் இறக்கிக்கொண்டார். பிறகு வெளியே போய்த் தார்ப்பாய்க்கு அடியில் ஜீப்பின் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

ராஜப்ரியா அவரிடம் போனாள்.

"அங்கிள், அப்பா வண்டிய மாத்தச் சொல்லியிருக்காரு. மேனுவலுக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மழையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

"ஏன்?"

"போன வெள்ளிக்கெழமை, பாப்பா. மேல காட்டேஜ் வெச்சிருக்காரே ஒருத்தர், அவரோட வண்டி சர்வீசுக்கு வந்துச்சு. நீ புக் பண்ணின அதே வண்டி, ஆட்டோமேட்டிக். அண்ணன் வந்து பாத்துட்டு, 'ஒரு ரவுண்டு போலாமா சில்வஸ்டர்'னாரு. நம்ம பாதைக்குத்தான் வந்தோம். நீயும் அம்மாவும் அன்னிக்கு ஊட்டி போயிருந்தீங்க." அவர் வேலிப் பக்கம் கையைக் காட்டினார். "ஏறும்போது நல்லா ஏறுச்சு. மேல வந்து திருப்பினதும் அண்ணன் என்ன பண்ணினாரு தெரியுமா? எடது கால மடக்கி சீட்டு மேல வெச்சு உக்காந்துக்கிட்டாரு. 'எம்புள்ள எப்படி ஓட்டுமோ அப்படி ஓட்டிப் பாக்கறேன்'னாரு."

ராஜப்ரியா கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"எறக்கத்துல வந்தோம். லீவர இந்தப் பக்கம் தள்ளி ரெண்டுல நிறுத்திக்கங்க, அது ரெண்டுலயே நிக்கும்னு சொன்னேன். கேக்கல. வண்டி அதும்பாட்டுக்கு மேல் கியருக்குப் போவுது, இவரு பிரேக் மேல பிரேக் போடறாரு. மூணாவது வளைவுல ஓரங்கட்டிட்டாரு. அப்படி வேர்த்திருச்சு பாப்பா, ஸ்வெட்டர் நனையற அளவுக்கு. 'இதுல உக்காந்தா நெஞ்ச அடைக்குதுடா, இந்த வண்டி வேண்டாம், எம்புள்ளைய இதுல அனுப்ப மாட்டேன்'னாரு. நான் பயந்துட்டாருன்னு நெனச்சேன். முப்பத்தெட்டு வருசம் இந்த மலையில ஓட்டின மனுசன், இதுக்குப் பயப்படறாரேன்னு நெனச்சேன். எடது கைய உதறி உதறி விட்டுட்டே இருந்தாரு. 'வேலையில்லாம மடியில கெடந்தா மரத்துப் போவுது பாரு'ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்…"



தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் ஒரு மூலையில் மொத்தமாகக் கொட்டியது. ராஜப்ரியா அவரைப் பார்க்கவில்லை. அவரும் அவளைப் பார்க்கவில்லை. ஜீப்பின் நனைந்த பானெட்டைத்தான் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரி நாலு எட்டுதான், பாப்பா," என்றார் அவர் கடைசியில், மெதுவாக. "ஒர்க்‌ஷாப்ல இருந்து."

"அம்மாகிட்ட சொல்லாதீங்க அங்கிள்."

அவர் தலையாட்டினார். இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, மழைக்குள் இறங்கி வேலிவரை நடந்து போய், அங்கேயே நின்றார்.

ராஜப்ரியா உள்ளே வந்து அப்பாவின் இடது பக்கமாக உட்கார்ந்தாள். காலையில் எந்தக் கையைச் சட்டைக்குள் இழுத்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

தம்பி கிருத்திக் ஒன்றரைக்கு வந்து சேர்ந்தான். கோயமுத்தூரிலிருந்து கிளம்பியவன் பர்லியாறுக்கு மேல் மழையில் மாட்டிக்கொண்டான். கார் மேலே ஏறாததால் அதை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு, முழங்கால்வரை சேறோடு நடந்து வந்தான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினான். அக்காவிடம், "போன வாரம் பேசும்போதுகூட நல்லாத்தானே இருந்தாரு," என்றான். அதையே வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னான். ஒவ்வொருவரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். நேற்று ஃபேக்டரியில் இலை போடும்போது பார்த்தேன், நல்லாத்தான் இருந்தார். முந்தாநாள் டீக்கடையில் பார்த்தேன், நல்லாத்தான் இருந்தார்.

இரண்டு மணி வாக்கில் போன் மறுபடி அடித்தது. அது ராஜப்ரியாவின் மடியிலேயே இருந்தது.

"சாரி மேடம், லோயிஸ் பேசறேன். இன்னிக்குள்ள ஏத்தினாத்தான் அடுத்த மாச லிஸ்ட்ல வரும். சார்கிட்ட ஒரே நிமிஷம் குடுக்கறீங்களா?"

கூடம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். ராஜப்ரியா எழுந்திருக்கவில்லை.

"அவரு காலையில தவறிட்டாருங்க," என்றாள்.

அன்றைக்கு அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கிட்ட பேசினாரே மேடம்," என்றாள் லோயிஸ். "எட்டரைக்கு. நல்லாத்தானே பேசினாரு. பாப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன், நீங்க ஒண்ணும் சொல்லீராதீங்கன்னு சொன்னாரு." குரல் உடைந்தது. "சாரி மேடம். நான் கேன்சல் போட்டுர்றேன். நீங்க எதையும் நெனைக்காதீங்க."

"கேன்சல் வேண்டாங்க."

"மேடம்?"

"மொதல்ல போட்டது மாதிரியே இருக்கட்டும். ஆட்டோமேட்டிக். பேரு மட்டும் எம்பேர்ல மாத்தோணும். பதினாறு முடிஞ்சு வந்து கையெழுத்துப் போடறேன்."

போனை வைத்தபோது கிருத்திக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, என்னக்கா இது? அப்பா படுத்திருக்காரு. இப்பப் போயி வண்டியா?"

அவளிடம் பதில் இருந்தது. சொன்னால் அம்மா கேட்பாள். வெள்ளிக்கிழமை, ஊட்டி, வேர்த்தது, மரத்துப்போன கை, எல்லாவற்றையும் அம்மா கேட்பாள். இனி இருக்கிற நாளெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"ஆமா," என்றாள். "இப்பத்தான்."

கிருத்திக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காரமடையிலிருந்து வந்திருந்த பெரியப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மருதாம்பாள் மட்டும் மகளைப் பார்த்தாள். கேட்க வாயெடுத்தவள், கேட்காமல், கணவனின் நெற்றியில் ஒட்டியிருந்த காசை ஒருமுறை அழுத்திவிட்டாள்.

மூன்றரைக்கு மழை தூறலாகக் குறைந்தது. அமரர் ஊர்தி மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. தார் போட்ட பாதை அதுவரைதான். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர், காலையில் கார் ஏறி இறங்கிய பாதை, மழையில் சேறும் கல்லுமாகியிருந்தது. தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவது நடக்காத காரியம் என்று தூக்க வந்தவர்களே சொன்னார்கள். ஜீப்பில்தான் இறக்க வேண்டும்.

கிருத்திக் சாவியை எடுத்தான். அவன் கோயமுத்தூரில் வைத்திருப்பது ஆட்டோமேட்டிக் கார். வாசலில் இருந்து திருப்புவதற்குள் மூன்று முறை இஞ்சின் நின்றுபோனது. நான்காவது முறை ஜீப் எகிறிக் குதித்துப் பந்தக்காலில் போய் நின்றது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, "கிளட்சு மறந்தே போச்சு," என்றான், யாரிடம் என்றில்லாமல்.

"எறங்கு தம்பி," என்றார் சில்வஸ்டர்.

பின்சீட்டுகளை மடக்கி, ஆறுக்குட்டியை ஏற்றினார்கள். தலை முன்பக்கம். கால் பின்கதவுக்கு வெளியே ஒரு முழம் நீண்டிருந்தது. கிருத்திக்கும் இன்னும் இரண்டு பேரும் பின்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சில்வஸ்டர் ஃபோர் வீலைப் போட்டுவிட்டு, கூட்டத்தில் தேடினார்.

"பாப்பா, வா. ஏறிக்க."

"பொம்பளப்புள்ள எதுக்குங்க?" என்றார் பெரியப்பா. "வாசலோட நின்னுக்கட்டும். அதுதான மொற."

"ரெண்டாவது கியர் நிக்காதுங்க. பாரத்தோட எறங்கும்போது நழுவி நியூட்ரல்ல விழுந்துரும். ஒரு ஆளு புடிச்சுக்கணும். எனக்கு இந்தச் சேத்துல ரெண்டு கையும் ஸ்டியரிங்குக்கே பத்தாது."

"நான் புடிச்சுக்கறேன்," என்றான் கிருத்திக் பின்னாலிருந்து.

"இழுத்துப் புடிக்கறதில்ல தம்பி. நழுவறதுக்கு முன்னாடி கம்பி ஒரு மாதிரி அதிரும். அது கைக்குத் தெரியணும். அண்ணன் லோடோட எறங்கும்போதெல்லாம் பாப்பாதான் புடிச்சுட்டு வரும்."

பெரியப்பா மருதாம்பாளைப் பார்த்தார். மருதாம்பாள் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அவ போவட்டுங்க," என்றாள்.

காலையில் அப்பா எப்படி நிறுத்தியிருந்தாரோ அப்படி இப்போது வண்டி நிற்கவில்லை. படி ஓரிடத்திலும் கதவு ஓரிடத்திலும் இருந்தன. சேற்றில் கைத்தடி ஊன்றி, கதவுக் கம்பியைப் பிடித்து, ராஜப்ரியா தானே ஏறினாள். ஆண்டாயி தாங்கப் பார்த்தாள், வேண்டாமென்று தலையாட்டினாள்.

வண்டி வேலியைத் தாண்டி இறங்கியது. சில்வஸ்டர் கிளட்சை மிதித்து இரண்டாவதில் போட்டதும் அவள் கை லீவரின் தலைக்கு மேல் போய் உட்கார்ந்தது. அழுத்தவில்லை, இழுக்கவில்லை, வெறுமனே மேலே வைத்திருந்தாள். கழுத்துக்குப் பின்னால் நனைந்த சாமந்தி மாலையின் வாசம். அப்பாவின் தலை அவள் தோளிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. திரும்பினால் பார்க்கலாம். திரும்பவில்லை.

முதல் வளைவு. மரமாக வளர்ந்துவிட்ட தேயிலைக்கு நடுவே வண்டி வழுக்கி, நிமிர்ந்து, இறங்கியது. பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். இரண்டாவது வளைவில் கம்பி அதிரத் தொடங்கியது. உள்ளங்கையில் முதலில் ஒரு கூச்சம், பிறகு ஒரு தள்ளல். அவள் முழங்கையை ஊன்றித் தாங்கினாள். கியர் நின்றது. சில்வஸ்டர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவ்ளோதான்," என்றார்.

மூன்றாவது வளைவில் அவர் வேகத்தை இன்னும் குறைத்தார். ஓரத்தில் ஒரு வண்டி ஒதுங்கி நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதைத் தாண்டும்வரை சில்வஸ்டரின் தாடை இறுகியிருந்தது. ராஜப்ரியா அந்த இடத்தைப் பார்த்தாள். சாதாரண இடம். புல், ஒரு பிளாஸ்டிக் பாட்டில், யாரோ வெட்டிப் போட்ட காட்டுச் செடி.

மெயின் ரோட்டில் ஊர்தி ஓரங்கட்டி நின்றிருந்தது. அதற்குப் பின்னால், பாதி தாரிலும் பாதி மண்ணிலுமாக ஜீப் நின்றது. பின்பக்கமாக அவரை இறக்கினார்கள். பாரம் போனதும் ஜீப்பின் பின்பகுதி மெல்ல மேலெழுந்தது. அதை அவள் சீட்டில் உணர்ந்தாள்.

சில்வஸ்டர் குமிழை இழுத்து இஞ்சினை அணைத்தார். இறங்கிப் பின்சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தார். ஊர்தியையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களும் போங்க அங்கிள்," என்றாள்.

"வண்டி இப்படி நிக்குது, பாப்பா."

"நான் இருக்கேன்ல."

"ஒர்க்‌ஷாப்ல இருந்து செல்லதுரையை வரச் சொல்லியிருக்கேன். வந்து மேல ஏத்திருவான். அதுவரைக்கும்…" என்றவர், முடிக்காமல் ஓடிப்போய் ஊர்தியின் பின்கதவில் ஏறிக்கொண்டார். கிருத்திக் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். கதவு சாத்துவதற்கு முன், அவன் அக்காவின் பக்கம் ஒருமுறை பார்த்தான். ஊர்தி கிளம்பி, வளைவில் திரும்பி, பனிக்குள் போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து ஒரு கார் வந்தது. மேலே பெட்டிகள் கட்டிய, வெளியூர் நம்பர் போட்ட வண்டி. எதிரில் வந்த ஒரு பஸ் கடந்துபோக இடமில்லாமல் நின்றது. கார் ஜீப்புக்குப் பின்னால் நின்று இரண்டு முறை ஹாரன் அடித்தது. பிறகு ஓட்டிக்கொண்டு வந்தவர் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"வண்டியக் கொஞ்சம் முன்னாடி எடுக்கச் சொல்லுங்க மேடம்."

"டிரைவர் இல்லீங்க," என்றாள் ராஜப்ரியா.

"எப்ப வருவாருங்க?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் பதிலுக்குக் காத்திருந்தார். பக்கத்தில் இருந்த பெண் ஏதோ சொல்ல, சரி என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, தன் பக்கத்துப் பின்பார்வைக் கண்ணாடியை மடக்கினார். பஸ் கொஞ்சம் பின்வாங்கியது. கார் அங்குலம் அங்குலமாக ஜீப்பை ஒட்டி நகர்ந்தது.

ராஜப்ரியா ஓட்டுகிற சீட்டின் குறுக்கே சாய்ந்து, அந்தப் பக்கத்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, ஜீப்பின் கண்ணாடியை உள்ளே மடக்கினாள்.